பழையது முதலில்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். வார்டு வேலையை விட்டுவிட்டு மருந்து ஆய்வுப் பிரிவுக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. வெள்ளை உடுப்பு போயிற்று, நைட் டியூட்டி போயிற்று, அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. வாசல் காவலாளியிலிருந்து இதயநோய்ப் பிரிவின் பெரிய டாக்டர் வரைக்கும் சிஸ்டர் என்றால் அவள்தான். வீட்டில் கணவரும் வம்புக்கு இழுக்க நினைத்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

புது மருந்து ஒன்று கடைக்கு வருவதற்கு முன்னால், சம்மதிக்கிற நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள் இல்லையா, அந்த வேலை. மருந்து எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும் டாக்டர். நோயாளியைக் கூப்பிடுவது, ரத்தம் எடுத்து அனுப்புவது, மிச்ச மாத்திரையை எண்ணி வாங்குவது, அவர் தும்மினால் அதையும் எழுதி வைத்துக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இதெல்லாம் சிஸ்டர். துணைக்கு ஒரு பெண் இருந்தாள். அவள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் நாற்காலியில் இப்போது கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

அறை என்று சொன்னால் அறை. ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த இடம். ஜன்னலைத் திறந்தால் சலவைப் பகுதியின் நீராவி முகத்தில் அடிக்கும். மூடினால் ரத்த மாதிரிகளை வைக்கும் உறைபெட்டி நாள் முழுக்க உறுமுவது காதுக்குள்ளேயே கேட்கும். இரண்டில் எந்தத் தொல்லை இன்றைக்கு என்று காலையில் முடிவெடுப்பதுதான் அவள் தன்னிஷ்டத்துக்குச் செய்த ஒரே காரியம்.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் க்வெரிகள். க்வெரி என்றால் வெறும் கேள்விதான். அவள் ஏற்றிய தகவலைக் கம்பெனிப் பக்கத்தில் சரிபார்ப்பார்கள். பாதிக்கு மேல் இயந்திரமே சரிபார்க்கும். எங்கேயாவது இடித்தால் ஒரு கேள்வி முளைக்கும். அவள் பதில் போட்டால்தான் அது மூடும். நியாயமான ஏற்பாடுதான், கேள்விகள் நியாயமாக இருந்தால்.

எடை எழுபத்தொன்று என்று போட்டால், எழுபத்தொன்றா, எழுபத்தொன்று புள்ளி பூஜ்யமா, உறுதிப்படுத்தவும் என்று வரும். தலைவலி ஆரம்பித்த நேரம் மாத்திரை சாப்பிட்ட நேரத்துக்கு முன்னால் இருக்கிறது, விளக்கவும் என்று வரும். வலித்ததனால்தானய்யா மாத்திரை சாப்பிட்டார் என்று பதில் போடக் கை துடிக்கும். ஒருமுறை, பேரன் பேத்தி எடுத்த ஒரு பெரியவருக்குக் கர்ப்பப் பரிசோதனை முடிவு விடுபட்டிருப்பதாக ஒரு க்வெரி வந்தது. "பொருந்தாது, ஆண்" என்று பதில் போட்டாள். "ஆண் என்பதற்கான ஆதாரத்தைச் சரிபார்த்தீர்களா?" என்று அது குட்டி போட்டது.

அந்தப் பெரியவர்தான் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனப்பட்டு மூச்சு வாங்க ஆரம்பித்தபின் இந்த ஆய்வில் சேர்ந்திருந்தார். கூட்டமாக இருக்கும் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால் பழக்கம் விடாது, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க" என்பார். முன்பின் தெரியாதவர்களும் நகர்ந்து கொடுப்பார்கள். கம்பெனி கொடுத்த தொடுதிரை டேப்லெட்டில் வாரா வாரம் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் வேறு இருந்தன. கடந்த வாரத்தில் உங்கள் உடல்நிலை உங்கள் மகிழ்ச்சியை எவ்வளவு பாதித்தது என்று அது கேட்கும்.

"இதென்ன சிஸ்டர், என் பொண்டாட்டிகூட இத்தனை கேள்வி கேட்டதில்ல. அதுவும் கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கு பாருங்க, அதான் பயமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்த வெகு சில சமயங்களில் அதுவும் ஒன்று.

அந்த வாரம் வேலை கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையோடு தகவல் சேர்ப்பதை நிறுத்தி, மருந்து வேலை செய்கிறதா என்று கம்பெனி இடைக்காலக் கணக்குப் பார்க்கப் போகிறது. அதற்குள் எல்லா க்வெரியும் மூடியிருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் மானிட்டர் வந்து இறங்கினார். மானிட்டர் என்றால் கம்பெனி அனுப்பும் கண்காணிப்பாளர். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர். நல்ல மனுஷர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். அதனாலேயே அவர்மேல் கோபப்படவும் முடியாது.

நாற்காலியிலிருந்த கோப்புகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் தன் பங்குக்குப் புதிதாக ஒரு மூட்டை க்வெரி போட்டார்.

"எல்லாம் சின்னச் சின்னதுதான் சிஸ்டர்."

"சின்னதுன்னா ஏன் சார் கேக்கறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்காம விட்டா, ஏன் கேக்கலன்னு என்னைக் கேப்பாங்க. கோவிச்சுக்காதீங்க. ஒரு வழி சொல்றேன். ஒரு வாரத்துக்கு மேல பழசாப் போனதுதான் எங்க சார்ட்ல சிவப்பாக் காட்டும். சிவப்பு இருந்தா என் மேனேஜர் என்னைக் காய்ச்சி எடுத்துருவாங்க. அதனால பழையதுல இருந்து முடிச்சிட்டு வாங்க. புதுசு எத்தனை இருந்தாலும் பரவாயில்ல, அது பச்சையாத்தான் இருக்கும்."

"அப்ப நேத்துக் கேட்டதுக்கு அடுத்த வாரம் பதில் சொன்னாப் போதும்?"

"போதும், தாராளமாப் போதும்."

அவளும் பட்டியலைப் பழையது முதலில் வரும்படி மாற்றி வைத்துக்கொண்டாள். அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியபோது வாசல்படியில் அது இடறியது. தூக்கிக் கொடுத்தாள். இதுக்கும் ஒரு க்வெரி வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

துணைக்கு ஆள் கேட்காமல் இல்லை அவள். பெரிய டாக்டரிடம் கேட்டாள். "நிர்வாகத்துல பேசறேன்" என்றார். நிர்வாகத்தில் கேட்டால், ஆய்வு நடத்துகிற கம்பெனிதானே சம்பளம் தரணும் என்றார்கள். கம்பெனியைக் கேட்டால், ஆள் வைப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் பக்க எண்ணைப் போட்டுப் பதில் வந்தது. மூன்று பேரும் சேர்ந்து அவளைப் பந்தாடினார்கள். அவளும் மூன்று பேருக்கும் நன்றி என்று முடித்து மின்னஞ்சல் அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனபோது மகள் சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள்.

"அம்மா, வயிறு வலிக்குது."

"எப்ப ஆரம்பிச்சது? விட்டு விட்டு வலிக்குதா, தொடர்ந்தா? லேசாவா, நடுத்தரமா, கடுமையா?"

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நான் உன் பேஷன்ட் இல்லம்மா. வயிறு வலிக்குது, அவ்வளவுதான்."

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவர் சமையல். "சிஸ்டர், சாப்பாட்டுல உப்பு கம்மியா இருந்தா க்வெரி போடுங்க, நாளைக்குப் பதில் தர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக் கொடுத்தாள். கை தடவிக்கொண்டிருக்கும்போதே மனம் பட்டியலுக்குப் போய்விட்டது. அது மகளுக்குத் தெரிந்தது. "நீ போம்மா, நான் தூங்கறேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கண்டக்டர் போன் செய்தார். சிஸ்டர் ஒரு நீளமான க்வெரியின் பாதியில் இருந்தாள். இடது கையில் ரத்த அழுத்தம் பார்த்தீர்களா, வலது கையிலா, முந்தைய தடவையும் அதே கையா என்று கேட்டிருந்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டே பேசினாள்.

"சிஸ்டர், ரெண்டு நாளாக் காலு வேற யாரோடதோ மாதிரி இருக்கு. படி ஏறினா, வா வான்னு கூப்பிட வேண்டியிருக்கு."

"வலி இருக்கா?"

"வலியெல்லாம் இல்ல. சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்குது."

"மூச்சு வாங்குதா? வீக்கம்?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"லேசாவா, நடுத்தரமா, கடுமையா?"

கொஞ்சம் யோசித்தார். அவருக்கு அவள் வேலை தெரியும், அவளைச் சிரமப்படுத்த மாட்டார். "லேசுன்னே போட்டுக்கோங்க சிஸ்டர்."

லேசு என்று போட்டுக்கொண்டாள். கால் தளர்ச்சி, தொடர்கிறது. அடுத்த முறை வரும்போது டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு, "தளர்ச்சியா, களைப்பா? தெளிவுபடுத்தவும்" என்று புதிதாக ஒன்று முளைத்தது. பச்சை நிறத்தில். பச்சை காத்திருக்கலாம். அவள் பழையவற்றுக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனியின் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. நாடெங்கும் எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே நேரத்தில் அதில் விழுந்து புரண்டிருக்க வேண்டும். மேசையை ஒரு குத்து குத்தினாள். பேனா ஸ்டாண்டு விழுந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது திரை உயிர் பெற்றிருந்தது. ஆனால் அவள் வைத்த வரிசை போய்விட்டிருந்தது. பட்டியல் தலைகீழாகி, புதியது முதலில் நின்றது.

சலித்துக்கொண்டே மாற்றப் போனவள் ஒரு வரியில் நின்றாள்.

எல்லா க்வெரிக்கும் ஒரே குரல் உண்டு. உறுதிப்படுத்தவும், விளக்கவும், தெளிவுபடுத்தவும். இது வேறு மாதிரி இருந்தது. "பொட்டாசியம் 6.9. தயவுசெய்து இதை முதலில் பாருங்கள். இவர் நலமாக இருக்கிறாரா?" நேற்றுக் காலையில் போட்டது. பக்கத்திலிருந்த நோயாளி எண் கண்டக்டருடையது.

வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்த 6.9-க்கு விளக்கம் வேண்டியதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் அந்த அளவுக்கு ஏறினால் முதலில் கால் தளரும். பிறகு இதயம் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். மின்னஞ்சலைத் திறந்து தேடினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் எச்சரிக்கை இரண்டு நாளாக அங்கேயே கிடந்தது. "நடவடிக்கை தேவை" என்று தலைப்பு. மேலே கீழே இருந்த அத்தனைக்கும் அதே தலைப்புதான். டேப்லெட்டுக்குச் சார்ஜ் போடச் சொன்ன மின்னஞ்சலுக்கும் அதே தலைப்பு.

கண்டக்டரின் போன் மணியடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். வீட்டு எண்ணில் அவர் மனைவி எடுத்தார்.

"அவர் பஸ் பாஸ் புதுப்பிக்கணும்னு டிப்போவுக்குப் போனாரும்மா. போனை இங்கேயே வெச்சுட்டுப் போயிட்டார். ஏம்மா, என்ன?"

"பதறாதீங்கக்கா. ரத்தத்துல ஒண்ணு கூடியிருக்கு, உடனே பாக்கணும். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, நான் அவரைக் கூட்டிக்கிட்டு வர ஏற்பாடு பண்றேன்."

பதறாதீங்க என்று சொன்ன குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது. டிப்போவின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். எடுத்தவர் டைம் கீப்பர். விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனைக் கீழே வைக்காமலே மைக்கில் கூப்பிட்டார். பஸ் இரைச்சலுக்கு நடுவே கண்டக்டரின் பெயர் முழங்குவதை அவள் போனில் கேட்டாள். ஒருமுறை, இன்னொருமுறை. யாரும் வரவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபின் நிதானமாகச் செருப்புச் சத்தம்.

"யாரு, சிஸ்டரா? நான் என்ன தப்புப் பண்ணினேன், மைக்ல கூப்பிடற அளவுக்கு?"

"எங்க இருக்கீங்களோ அங்கேயே உக்காருங்க. நடக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

"ஆம்புலன்ஸா! இப்பத்தான் பாஸ் வாங்கியிருக்கேன். அடுத்த வண்டி நேரா ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் வருது."

"ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். உக்காருங்க."

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. டைம் கீப்பரே டிப்போ ஜீப்பில் அவரை ஏற்றிவிட்டார்.

சிஸ்டர் புறநோயாளிப் பிரிவுக்கு ஓடினாள். பெரிய டாக்டர் நோயாளி ஒருவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டிருந்தார். பொட்டாசியம் எண்ணைக் காட்டினாள்.

"சாம்பிள் வழியில கெட்டுப் போயிருக்கும். அப்படி ஆனாலும் இவ்வளவு காட்டும்" என்றார் டாக்டர்.

"நேத்துக் கால் தளர்ச்சின்னு போன் பண்ணினார் சார்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து உருவி மேசைமேல் போட்டார். "எப்ப வர்றார்?"

ஜீப் வந்தபோது சக்கர நாற்காலியோடு டாக்டரே வாசலில் நின்றார். இ.சி.ஜி. எடுத்தார்கள். தாளில் அலைகள் கூடாரம் கூடாரமாகக் கூர்ந்து நின்றன. ஊசி போட்டார்கள், சொட்டு ஏற்றினார்கள், மூக்கில் மருந்துப் புகை வைத்தார்கள். நடுவில் ஒருமுறை இதயத்துடிப்பு காட்டும் திரையில் அலை தடுமாறி, நர்ஸ் ஒருத்தி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். பிறகு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. டாக்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கும் அந்த எச்சரிக்கை வந்திருக்கு சிஸ்டர். இப்பத்தான் பார்த்தேன். திறக்கவே இல்ல" என்றார்.

கண்டக்டரின் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆபத்து தாண்டிவிட்டது என்று சொன்னாள். அந்த அம்மாள் தலையசைத்தார்.

"நேத்தே உங்ககிட்ட போன்ல சொன்னாராமே?"

சத்தம் போட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டார். சிஸ்டருக்கு வாயில் எத்தனையோ வந்தன. ஆள் இல்லை, வெள்ளிக்கிழமை கெடு, பழையது முதலில்.

"சொன்னார்க்கா. எழுதிக்கிட்டேன். கவனிக்கல."

அந்த அம்மாள் அவள் கையைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "எழுதிக்கிட்டா போதும்னு ஆயிடுச்சு" என்றார். அது தன்னைப் பார்த்துச் சொன்னதா, பொதுவாகச் சொன்னதா என்று சிஸ்டருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. கம்பெனி கணக்குப் பார்க்கும் நாளைத் தள்ளி வைத்தது, வேறு எந்த ஆஸ்பத்திரியோ முடிக்கவில்லை என்று. அதைப் படித்தபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கண்டக்டருக்கு நேர்ந்தது கடுமையான பாதிப்பு என்பதால் அதற்கென்று தனி அறிக்கை போட வேண்டியிருந்தது. அந்த அறிக்கையின்மேல் புதிதாகக் க்வெரிகள். நோயாளி எந்த வாகனத்தில் வந்தார் என்ற இடத்தில் அவள் ஜீப் என்று எழுத, பட்டியலில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கவும் என்றது.

கடைசியில் ஒரு பக்கம். எச்சரிக்கைக்குப் பதில் தாமதமானதன் அடிப்படைக் காரணம் என்ன? தேர்ந்தெடுக்கவும். மனிதத் தவறு. பயிற்சிக் குறைவு. மறதி. பிற. அவள் பிற என்பதைத் தேர்ந்தெடுத்து, அளவுக்கு மீறிக் கேள்வி கேட்கிறீர்கள், எல்லாக் கேள்வியும் ஒரே குரலில் கேட்கிறீர்கள், அதில் உயிர் போகிற கேள்வி எது என்று தெரியவில்லை என்று எழுத ஆரம்பித்தாள். எழுத்துகளின் எல்லை முடிந்துவிட்டது என்று பெட்டி நின்றுகொண்டது. "உயிர் போகிற கே" என்பதோடு.

அடுத்த வாரம் எல்லோரையும் ஒரே போன் இணைப்பில் கூட்டிப் பேசினார்கள். டாக்டர், மானிட்டர், மானிட்டரின் மேனேஜர், கம்பெனி ஆட்கள், தரவுப் பிரிவிலிருந்து யாரோ. மேனேஜர் அம்மாள் மிக மரியாதையாக, சிஸ்டர் எச்சரிக்கைகளைக் கையாளும் பயிற்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், சோதனையும் எழுத வேண்டும் என்றார்.

"எழுதறேன் மேடம். அந்த நேரத்துல க்வெரிக்கு யார் பதில் போடுவாங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"தப்பு என்மேலயும் இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா, புள்ளி பூஜ்யம் போடலன்னு கேக்கறதும் பொட்டாசியம் ஏறிப் போச்சுன்னு கேக்கறதும் ஒரே பட்டியல்ல, ஒரே எழுத்துல வருது. பழசை முதல்ல முடிக்கச் சொன்னதும் நீங்கதான். உங்க சார்ட்ல பச்சையா இருந்த நாள்லதான் அந்த மனுஷர் சாகக் கிடந்தார்."

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமி, "எனக்கும் மின்னஞ்சல் வந்தது, நானும் பார்க்கல. அதையும் எழுதிக்கோங்க" என்றார்.

அப்போதுதான் அதுவரை பேசாத ஒரு பெண் குரல் வந்தது. தரவுப் பிரிவு என்று சொல்லிக்கொண்டாள். "அந்தக் க்வெரியை இயந்திரம் போடல. நான் கையால போட்டேன். எண்ணைப் பார்த்ததும் பயந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணலாமான்னு கேட்டேன். எங்க பிரிவு நேரடியாப் பேசக் கூடாது, க்வெரி வழியாத்தான் கேக்கணும்னு சொன்னாங்க. அதனால அதுக்குள்ளேயே அப்படி எழுதினேன்."

"இவர் நலமாக இருக்கிறாரான்னு கேட்டது நீங்கதானா?" என்றாள் சிஸ்டர்.

"அப்படிக் கேக்கக் கூடாதுதான். விதிமுறை வாக்கியம் இல்லன்னு எனக்கு ஒரு எச்சரிக்கைகூட வந்துச்சு."

கூட்டம் முடிந்த சிறிது நேரத்தில் சிஸ்டரின் போனில் தெரியாத எண். அதே குரல். "நம்பரைக் கூட்ட அழைப்புல பார்த்து எடுத்தேன். தப்புதான். அவர் எப்படி இருக்கார் அக்கா?"

"வீட்டுக்குப் போயிட்டார்மா. உன் புண்ணியம்."

"எனக்குத் தூக்கமே வரல. ஒரு நாளைக்கு எத்தனை க்வெரி போட்டேன், எத்தனை மூடினேன்னுதான் எங்களை எடை போடறாங்க. கம்மியாப் போட்டா வேலை பாக்கலன்னு அர்த்தம். உங்களை வறுத்தெடுக்கறோம்னு எனக்குத் தெரியும்."

இத்தனை காலம் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பிசாசு உட்கார்ந்திருப்பதாக நினைத்துத் திட்டியிருந்தாள் சிஸ்டர். திட்டியதில் பாதியாவது இந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கும். "இனிமே இந்த மாதிரி எதைப் பார்த்தாலும் இந்த நம்பருக்கே கூப்பிடு. யார் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மாதம் திரும்புவதற்குள் மாற்றம் ஒன்று வந்தது. ஆபத்தான ரத்த முடிவுகளைப் பரிசோதனைக் கூடம் இனி போனிலும் சொல்லும். புள்ளி பூஜ்ய சமாசாரம் பரிசீலனையில் இருக்கிறதாம். பயிற்சிச் சோதனையில் அவள் நூற்றுக்கு நூறு வாங்கினாள். சான்றிதழ் வந்தது, அதில் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தது.

கண்டக்டர் ஒரு நாள் மனைவியோடு வந்தார். நடையில் பழைய துள்ளல் இல்லை, ஆனாலும் வந்தார். டேப்லெட்டை, சார்ஜரோடு, ஒரு துணிப்பையில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"நான் இறங்கிக்கறேன் சிஸ்டர்."

"மருந்து பயமா இருக்குங்களா?"

"மருந்தை நிறுத்திட்டாங்களே. அதுக்கப்புறமும் வாரா வாரம் இது என்கிட்ட மகிழ்ச்சியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. மருந்தைக்கூடத் தாங்கிட்டேன், கேள்வியைத் தாங்க முடியல."

அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. விலகுவதற்கான தாளில் அவர் கையெழுத்துப் போடும்வரை நின்றுகொண்டே இருந்துவிட்டு, போகும்போது மட்டும் "வரோம்" என்றார். சிஸ்டர் லிஃப்ட் வரை கூடப் போனாள். சொல்ல வேண்டியது ஏதோ பாக்கி இருப்பதுபோல் இருந்தது. லிஃப்ட் வந்துவிட்டது.

அன்றைக்கே பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் தடிமனான புதுக் கோப்பு ஒன்று இருந்தது. இன்னொரு ஆய்வு. இதைவிடப் பெரியது, கூடுதல் ஸ்கேன், நோயாளி கையில் கட்டிக்கொள்ள ஒரு கருவி வேறு.

"நல்ல மருந்து சிஸ்டர். நம்ம நோயாளிங்களுக்கு வேற வழியே இல்ல. சரின்னு சொல்லிட்டேன்."

"நல்ல மருந்துதான் சார். ஆள் இல்லாம நான் தொடமாட்டேன்."

"பாக்கலாம், நிர்வாகத்துல..."

"இல்ல சார். பாக்கலாம்னு சொல்லித்தான் அந்த நாற்காலியில கோப்பு உக்காந்திருக்கு. ஆள் வரலன்னா என்னைத் திரும்ப வார்டுக்கே மாத்திடுங்க. அங்க மணியடிச்சா எந்தப் படுக்கைன்னாவது தெரியும்."

டாக்டருக்கு முகம் சிவந்தது. கோப்பை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார். மூடிய வேகத்தில் மேசைமேலிருந்த டம்ளர் குலுங்கியது.

பத்து நாள் கழித்து ஒரு ஆள் வந்தான், காலையில் மட்டும். மத்தியானத்துக்கு மேல் அவன் எலும்புப் பிரிவுக்குச் சொந்தம். அரை ஆள். டாக்டர் அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருவரும் முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசிக்கொண்டார்கள். புது ஆய்வு இழுப்பறையிலேயே இருந்தது. எத்தனை நாளைக்கு என்று அவளுக்குத் தெரியாது.

பரிசோதனைக் கூடம் சொன்னபடி போன் செய்ய ஆரம்பித்தது. ஆபத்தானதற்கு மட்டும் என்றுதான் பேச்சு. ஆனால் எது ஆபத்து என்று முடிவெடுக்க அங்கே யாருக்கும் தைரியமில்லைபோல. ஒரு இழை கூடினாலும் போன், ஒரு இழை குறைந்தாலும் போன். நோயாளி ஒருவருக்குச் சம்மதத் தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது அடிக்கும். ரத்தம் எடுக்க ஊசியைக் குத்தப் போகும்போது அடிக்கும்.

அன்றும் அப்படித்தான் அடித்தது. சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள். "எடுக்காதீங்க சிஸ்டர், போன தடவை மாதிரி ஒண்ணுமே இருக்காது" என்றான் அரை ஆள்.

"இருக்காதுதான்" என்றாள் கோபமாக, எழுந்து போய்ப் போனை எடுத்தாள்.